மகளின் முழங்காலுக்காக ஓடித் திரிந்த எல்லோருக்கும்

அன்புள்ள மேற்குச் சிட்னி டூங்காபி, வென்ற்வேர்த்வில், பென்டில் ஹில் உறவுகளுக்கும், றக்பி லீக் கழகத்து அம்மாமார் அப்பாமாருக்கும், மகளோடு ஆடும் பிள்ளைகளுக்கும்,

நேற்றுப் பின்னேரம் சத்திரசிகிச்சை நிபுணர் மகளின் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். ஒற்றைக் காலில் குந்தி எழும்பச் சொன்னார். பிறகு, "இனி மெல்ல ஓடத் தொடங்கலாம்" என்றார். ஆட்டத்துக்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. ஏ.சி.எல். என்கிற அந்த முழங்கால் நாரைத் திருத்தினால் ஒன்பது மாதத்துக்கு முதல் களத்தில் இறங்க விடமாட்டார்கள் என்பது இப்போது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "ஓடலாம்" என்றதைக் கேட்டுவிட்டுக் கார் தரிப்பிடத்தில் நானும் அவளும் அழுத அழுகையில் காவலாளி வந்து "எல்லாம் சரியா?" என்று கேட்டார். சரி என்றோம். இந்த மடலை இன்றைக்கே எழுதாவிட்டால் பிறகு வேலை, சமையல் என்று தள்ளிப்போய்விடும்.

அவளின் முழங்கால் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மனமில்லை. அந்த வீடியோவை இன்னும் கைபேசியில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

முதலில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நன்றி. வைத்தியசாலையில் இரவு முழுக்க என்னோடு இருந்தவர்கள், என் வேலை நேரத்தை மாற்றித் தந்தவர்கள், மேஸ் ஹில் முருகன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்குச் சின்னவனை ஏற்றி இறக்கியவர்கள். புட்டும் இடியப்பமும் சொதியும் எங்கள் வாசலுக்கு வராத நாள் குறைவு. அணியிலிருக்கும் தொங்கா நாட்டுப் பிள்ளைகளின் தாய்மார் சேம்பிலையில் ஆட்டிறைச்சியைப் பொதிந்து தேங்காய்ப்பாலில் அவித்த சாப்பாடு ஒன்றைத் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு என் மாமியார் "இவையும் எங்கட ஆக்கள்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த முரட்டு விளையாட்டு?" என்று கேட்ட பெரியவர்களுக்கும் நன்றி. ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்ததும் அவர்கள்தான்.

இனி, நான் எழுத வந்த ஆளைப் பற்றி.

அவள் பெயரை எழுதக்கூடாதென்று சொல்லிவிட்டாள். கழகத்தின் முதலணியில் ஆடுகிறவள். நாங்கள் தொலைக்காட்சியிலும் பயிற்சித் திடலின் மறுகரையிலும் மட்டும் பார்த்த முகம். மகள் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான டார்ஷா கேல் கிண்ணத்தில் ஆடுகிறவள்; முதலணிக்காரர் இவளைத் தெரிந்து வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலை கதவு தட்டிக் கேட்டது. திறந்தால், கழுத்தில் பாடசாலை அடையாள அட்டையோடு, கையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையோடு நிற்கிறாள். பகலில் அவளுக்கு ஒரு ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியர் உதவியாளர் வேலை. அங்கிருந்து நேரே வந்திருந்தாள். "அன்ரி, குளியலறை எந்தப் பக்கம்?" என்றாள். இந்தப் பக்கத்துப் பசிபிக் தீவுப் பிள்ளைகளும் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பூச்செண்டோடு வந்தவர்கள் உண்டு, அட்டையோடு வந்தவர்கள் உண்டு. குளிக்கிறதைப் பற்றி அதுவரை ஒருவரும், நான் உட்பட, யோசிக்கவில்லை. அவள் வேலை உடுப்போடு எங்கள் ஷவருக்குக் கீழே அந்தக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து காட்டினாள். கால்களின் உயரத்தை ஒவ்வொரு துளையாகக் கூட்டி, மகளின் இடுப்புக்கு அளந்து வைத்தாள். சமையலறைக் குப்பைப் பையை வெட்டி, பட்டி கட்டிய காலுக்கு மேலே மாட்டி, தொடையில் ரேப் ஒட்டுவது எப்படி, அதைத் தோல் உரியாமல் கழற்றுவது எப்படி, நல்ல காலை முதலில் வைத்து உள்ளே இறங்குவதா, மற்றக் காலையா, எல்லாம் சொல்லித் தந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அன்ரி. தேவையென்றால் கூப்பிடுவாள்" என்றாள். அதைத்தான் நான் செய்திருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

கதிரையின் ஒரு காலுக்கு ரப்பர் மூடி இல்லை. விளையாட்டுக்காரர் விரலுக்குச் சுற்றுகிற ரேப்பை உருட்டி உருட்டிச் சுற்றி மற்றக் கால்களுக்குச் சமமாக்கியிருந்தார்கள். துடைப்போம் என்று கவிழ்த்தபோதுதான் இருக்கைக்கு அடியில் எழுத்தைக் கண்டோம். கறுப்பு மார்க்கரில் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆண்டும், இடது காலா வலது காலா என்பதும். மேலே இருந்தவை தண்ணீர் பட்டு மங்கிப்போயிருந்தன. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தது, ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது. அது அவளுடையது.

அன்றிரவு புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் பெயர்களைப் பற்றிக் கதைத்தாள். எங்கள் ஊரில் றக்பி என்றால் கண்டியிலும் கொழும்பிலும் பெரிய பாடசாலைப் பையன்கள் ஆடும் பதினைந்து பேர் ஆட்டம், பிராட்பி கேடயம். மேற்குச் சிட்னியில் ஆடுவது லீக்: பதின்மூன்று பேர், ஆறு தடவை மடக்கிப் பிடித்தால் பந்து கைமாறும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. 2022இல் பரமட்டா ஈல்ஸ் பெண்கள் ஐந்து ஆட்டத்தில் ஒன்றை மட்டும் வென்று, எப்படியோ அரையிறுதிக்குள் நுழைந்து, அதுவரை தோற்காத ரூஸ்ரர்ஸ் அணியை வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த வருடம்தான் மகள் "நானும் ஆடப் போகிறேன்" என்றாள். இறுதியில் நியூகாசில் 32-12 என்று வென்றது அவளுக்குப் பொருட்டாகவே இல்லை. அந்தப் பெண்கள் என்ன சம்பளத்தில் ஆடினார்கள், அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று நான் அன்றைக்குக் கேட்கவேயில்லை.

முதல் இரண்டு பெயர்க்காரர், தேசியப் பெண்கள் போட்டியே இல்லாத காலத்தில் ஆடியவர்களாம். பதிவுக் கட்டணத்தைத் தாங்களே கட்டி ஆடியவர்கள். தேசியப் போட்டி 2018இல் வந்தது: பிறிஸ்பேன், ரூஸ்ரர்ஸ், சென் ஜோர்ஜ் இலவாரா, நியூசிலாந்து வாரியர்ஸ் என்று நான்கே அணிகள், ஆளுக்கு மூன்று ஆட்டம், பிறகு இறுதி. மூன்று ஆட்டத்தை நம்பி யார் வேலையை விடுவார்கள்? அந்தக் காலத்து அவுஸ்திரேலிய அணித் தலைவிகளில் ஒருவரான றுவான் சிம்ஸ் தீயணைப்புப் படையில் வேலை செய்துகொண்டுதான் ஆடினார். எங்கள் கதிரைக்காரி அப்போது ஒரு பொதிக் களஞ்சியத்தில் இரவு வேலை. இடது முழங்கால் போனதும் வேலையும் போனது. அரச வைத்தியசாலை வரிசையில் காத்திருந்து, காலை இழுத்துக்கொண்டு திரிந்து, குளிப்பதற்குத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் அணித்தோழி ஒருத்தி இந்தக் கதிரையைக் கொண்டுவந்து கொடுத்தாளாம்.

வலது முழங்கால் போனது 2023க்குப் பிறகு. அந்த வருடம் போட்டி பத்து அணிகளாக விரிந்தது. பெண்களுக்கென்று முதல் கூட்டு ஒப்பந்தமும் அப்போதுதான் வந்தது. ஆகக் குறைந்த வருடச் சம்பளம் முப்பதாயிரம் டொலரில் தொடங்கி 2027இல் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். மருத்துவக் காப்புறுதி, பிள்ளை பெறுகிறவர்களுக்கு விடுப்பு, பல வருடத்துக்குக் கையெழுத்திடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. "இரண்டாவது காலுக்கு நான் ஒரு படிவம்கூட நிரப்பவில்லை, அன்ரி. சில வாரத்தில் கத்தி வைத்தார்கள், சம்பளம் வந்துகொண்டே இருந்தது" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு. நான்தான் சொதியைக் கிண்டிக்கொண்டு குனிந்திருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2025இல் கன்ரபறி புல்டோக்ஸும் திரும்பி வந்த வாரியர்ஸும் சேர்ந்து பன்னிரண்டு அணிகள், பதினொரு சுற்று. பெரிய மைதானம், தொலைக்காட்சி, கழகக் கடையில் பெண்களின் பெயர் போட்ட சட்டை. எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் தொழில்முறைக் கழகம் என்று எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டால், அடிபட்ட பிள்ளைக்கு மறுநாள் காலை என்ன நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே ஆளின் இரண்டு முழங்காலுக்கு நடுவில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். மிச்சமும் இருக்கிறது. அவள் இன்னும் பாடசாலை வேலையை விடவில்லை. சிட்னி வாடகை தெரிந்த யாருக்கும் ஏனென்று விளக்கத் தேவையில்லை. ஆண்களின் ஒப்பந்தத் தொகைகளைப் பத்திரிகையில் பார்த்தால் வயிறு எரிகிறது. அது வேறு மடல்.

கழகமும் எங்களைக் கைவிடவில்லை. இளையோர் அணிப் பிள்ளை என்று ஒதுக்காமல், முதலணியின் பிசியோ வாரா வாரம் இவளையும் பார்த்தார். பயிற்சிக் கூடத்தில் அவர்களோடு ஒரு மூலையில் பயிற்சி செய்ய இடம் கொடுத்தார்கள். புதுக் கதிரை வாங்கித் தருவதாகவும் சொன்னார்கள். மகள் வேண்டாமென்றுவிட்டாள். பழசு இப்போது எங்கள் வீட்டில் இல்லை, கடைசிப் பெயராக இவளுடையதைச் சுமந்துகொண்டு பிளாக்டவுனில் இன்னொரு பிள்ளையின் குளியலறைக்குப் போய்விட்டது. அவளுக்கும் இடது. ரப்பர் மூடி நான்கையும் புதிதாக வாங்கிப் போட்டுத்தான் அனுப்பினேன்.

ஒரு நேர்த்தியும் வைத்திருக்கிறேன், கோயிலுக்கு இல்லை. களத்தோரம் தண்ணீர் கொடுக்கவும் முதலுதவிக்காரருக்குக் கைகொடுக்கவும் நிற்பவர்களுக்கு லீக்சேஃப் என்று ஒரு பயிற்சி இருக்கிறது. அதை முடித்து, அடுத்த பருவத்துக்குச் சின்னப் பெண்கள் அணியொன்றோடு நிற்கப் போகிறேன். இத்தனை காலம் மடிப்புக் கதிரையில் உட்கார்ந்து சத்தம் போட்டது போதும். அம்மாமார் யாராவது சேர்ந்து வந்தால் எனக்கும் துணை. கார் நான் ஓட்டுவேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சட்டி, டப்பா, துணிப்பை எல்லாம் எங்கள் கராஜில் மேசை நிறைய அடுக்கியிருக்கிறது. பெயர் ஒட்டியவற்றை நானே கொண்டுவந்து தருவேன். மற்றவற்றை ஞாயிறு பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தேத்தண்ணி தருகிறேன். நீல மூடி போட்ட பெரிய டப்பா மூன்று இருக்கிறது. மூன்றும் தன்னுடையது என்று ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், அதை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
டூங்காபியிலிருந்து, உங்கள் எல்லோருக்கும் கடன்பட்ட ஒரு அம்மா