பென்சிலில் எழுதிய தம்பிக்கும் கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் படிப்பறைக்குள் தண்ணீர் புகுந்த அந்த இரவில் என்ன நடந்தது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்கிற நிலையில் இதைப் படிக்கும் யாரும் இல்லை. பாதிப் பேர் என்னோடு தண்ணீரில் நின்றவர்கள், மீதிப் பேர் விடியும்வரை போனைக் கீழே வைக்காதவர்கள். அதனால் நேரே நன்றிக்கு வந்துவிடுகிறேன். தூக்கம் இன்னும் சரியாகவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தொகுப்பு எல்லோருக்கும் பிடித்துப்போகிற வகை இல்லை. இறந்தவர்களின் முகத்தில் நேராக அச்செடுத்த பிளாஸ்டர் முகங்கள், மண்டையோட்டையும் அணைந்த மெழுகுவர்த்தியையும் வைத்து வரைந்த ஓவியங்கள், புத்தக அலமாரிகளுக்கு மேலே வரிசை வரிசையாகப் பெயர் தெரியாத மனிதர்களின் உருவப்படங்கள். இருட்டிய பிறகு படிப்பறையின் மேல்மாடத்துக்குத் தனியாக ஏற யாருக்கும் மனம் வராது. காப்பாளரான எனக்கே வராது. இதையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தவர் ஏன் சேர்த்தார் என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. பழைய பதிவேட்டில் எண்ணும் அளவும் மட்டும்தான். எதன் பக்கத்தில் எது, எதற்கு எதிரே எது என்று அவர் தன் கையால் மாட்டிவிட்டுப் போன வரிசை ஒன்றுதான் அவர் நமக்குச் சொன்னது. அவசரத்தில் முதலில் தொலைவதும் அதுதான். தண்ணீர் ஏறும்போது படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரிடம், அது எந்த ஆணியில் இருந்தது என்று கேட்டால் அடிக்க வருவார்.

வாரக்கடைசியில் வந்து ஜன்னலோர மேசையில் படிக்கும் அந்தத் தம்பி கேட்டார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் போடவில்லை. மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு, தன் நோட்டின் கெட்டி அட்டையைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றிலும் இடத்தை எழுதி, சட்டத்தின் பின்பக்க வளையத்தில் சணலால் கட்டி அனுப்பினார். ஒட்டவில்லை, கட்டினார். அதுவும் பென்சிலில் எழுதினார். பேனா மை ஈரம் பட்டால் கரைந்து படத்திலேயே இறங்கிவிடும், பென்சிலின் கிராஃபைட் கரையாது. பழைய தாள்களோடு வேலை செய்கிறவர்கள் பென்சிலைத் தவிர வேறெந்த எழுதுகோலையும் உள்ளே கொண்டுவர விடாததற்கு இதுவும் ஒரு காரணம். தெரிந்துதான் செய்தீர்களா என்று மறுநாள் கேட்டேன். “பேனா எழுதலைங்க, அதான்” என்றார்.

பாதிப் படங்களுக்கு அவர் யாரையும் கேட்கவே இல்லையாம். படிக்கிற சாக்கில் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தே மனப்பாடம் ஆகியிருக்கிறது. அந்தச் சீட்டுகளை இப்போது ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். ‘மேல்மாடம், இடது சுவர், கடைசி. ஒரு கையில் மட்டும் கையுறை போட்ட அம்மா.’ ‘அவருக்கு வலப்பக்கம். தாடிக்காரர். கோபம் இல்லை, பல்வலி.’ ‘ஏணிக்கு மேலே. இவர் நம்மைப் பார்க்கவில்லை.’

‘நம்மைப் பார்க்கவில்லை’ என்பது நிறையச் சீட்டுகளில் வந்தது. சரி, பார்ப்போம் என்று கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையில் பரப்பினேன். இடப்பக்கத்து முகங்கள், வலப்பக்கத்து முகங்கள் என எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்தில் போய் முடிகிறது. இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு வெற்றுச் சுவர், அதில் ஒரு காலி ஆணி. பதிவேட்டில் அந்த இடத்துக்கு எந்த எண்ணும் இல்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தில், நேரே நின்றால் தரையில் ஏதோ கறை மாதிரி இழுபட்டுத் தெரிவது, பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் மண்டையோடாகும். எங்கே நிற்கிறோம் என்பதும் படத்தில் சேர்த்திதான் என்று அதைக் காட்டி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே தினமும் தலைக்கு மேலேயே இருந்ததைக் காட்ட ஒரு நோட்டு அட்டை வேண்டியிருந்தது.

மற்றவர்களுக்கும் நன்றி. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள்ளேயே பூஞ்சை தொடங்கிவிடலாம் என்று சொல்லி, அதைத் தடுக்க உறைபதனக் கிடங்கில் இடம் பிடித்துக் கொடுத்தவர்களுக்கு. பச்சைத் துணி அட்டை போட்ட 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களின் சாயத்தில் ஆர்செனிக் இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள் என்று கத்திக்கொண்டே கையுறைப் பெட்டியோடு ஓடிவந்த அம்மாவுக்கு. சூடான காற்று வேண்டாம், மின்விசிறி போதும் என்று கடைசிவரை சண்டை போட்டவருக்கு. வாசல்வரை கைமாற்றிக் கைமாற்றிப் பெட்டிகளைக் கடத்திய அந்த நீண்ட வரிசைக்கு. 1966 நவம்பரில் ஆர்னோ நதி இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது இப்படி வரிசையாக நின்று புத்தகங்களை மீட்ட இளைஞர்களுக்குச் ‘சேற்றுத் தேவதைகள்’ என்று பெயர் வந்தது. உங்களில் சிலர் அன்று இருந்த கோலத்துக்குச் சேறு என்ற பாதி மட்டுமே பொருந்தும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், சட்டம் காய்வதற்கு முன்பே விலை பேச வந்த இரண்டு கனவான்களுக்கும் நன்றி. விற்பதில்லை என்று உரக்கச் சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்பு கிடைத்தது.

படங்கள் அதே வரிசையில்தான் மேலே ஏறும். அந்த ஆணி என் காலத்தில் காலியாகவே இருக்கும். சீட்டுகளுக்கும் எண் கொடுத்துப் பதிவேட்டில் சேர்க்கிறேன், பல்வலி உட்பட. அந்தத் தம்பி இனி வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், ஜன்னலோர மேசை அவருடையது.

சுவர் முழுக்கக் காயும்வரை படிப்பறை திறக்காது. போர்வைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று தெரியவில்லை, அவற்றில் யாரும் சீட்டுக் கட்டவில்லை. வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
காப்பாளர்