பூட்டிய வீடும் ஸ்ட்ரெச்சரும்

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மை,

உன் கடிதம் வந்தது. பேத்தி ஹூஸ்டனில் கம்யூனிட்டி காலேஜில் பாராமெடிக் படிப்பதைச் சொல்லிவிட்டு, "டாக்டராவாள் என்று பார்த்தால் ஆம்புலன்ஸில் ஏறப் போகிறாளாம்" என்று குறைப்பட்டிருக்கிறாய். காலமெல்லாம் கேஷுவாலிட்டியில் நின்ற என்னிடமா இதைச் சொல்வது? வாசல்வரை உயிரோடு வந்தவர்களைத்தான் நாங்கள் காப்பாற்றினோம். வழியில் போனவர்கள் எங்கள் நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான்.

நீ இருக்கிற நாட்டிலேயே 1960கள் வரை பல ஊர்களில் அடிபட்டவர்களை ஏற்றிப்போனது சவ அடக்கம் செய்யும் கம்பெனிக்காரர்கள். படுக்கவைத்து எடுத்துப்போகிற வண்டி அவர்களிடம்தானே இருந்தது! பிட்ஸ்பர்க்கில் போலீஸ் வேன் வரும். அங்கே 1967இல் பீட்டர் சாஃபர் என்கிற மயக்க மருந்து டாக்டர், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். ஃப்ரீடம் ஹவுஸ் என்று பெயர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். 1975இல் நகர நிர்வாகம் சேவையைத் தானே எடுத்துக்கொண்டு அவர்களை ஓரங்கட்டியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். உன் பேத்தி படிக்கிற படிப்புக்கு முன்னோடிகளில் அவர்களும் உண்டு. அவளிடம் கேட்டுப்பார், தெரிந்திருக்கும்.

என் பக்கத்துச் செய்தி இது. ரிட்டயரான பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. பக்கத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் அவசர சிகிச்சை டிப்ளமோ வகுப்புக்கு பிராக்டிக்கல் எடுக்கிறேன். நம் நாட்டில் இந்த மாதிரிக் கல்லூரி 1995இல் புதுச்சேரியிலும், மறு வருஷம் சென்னையிலும் தொடங்கியது. படிப்பை நடுவில் விட்டவர்களும் சேரலாம், ஃபீஸ் குறைவு, கையில் ஒரு தொழில். அதனால் வருகிற பிள்ளைகள் நம் கான்வென்ட் பிள்ளைகள் மாதிரி இல்லை. கொத்தனார் மகள், பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருப்பவர் மகன், கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வருகிற ஒருத்தி.

போன வாரம் கட்டு விரியன் கடி நடத்தினேன். நம் ஊர் வெக்கைக்குத் தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களைத்தான் அது ராத்திரியில் தீண்டும். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலை வயிற்றைப் பிசைகிறது என்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தானாகச் சரியும். தூக்கக் கலக்கம் என்று விட்டால் அடுத்து மூச்சுக்கு வரும். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான். அதுவரை மூச்சு நின்றுவிட்டால் அம்பு பேக்கை, அதாவது மாஸ்க் வழியாகக் கையால் காற்றைச் செலுத்தும் பையை, அமுக்கிக்கொண்டே போக வேண்டும்.

அமுக்குவது லேசு என்று நினைக்காதே. கட்டை விரலும் சுட்டு விரலும் மாஸ்க்கை முகத்தோடு அழுத்த, மற்ற மூன்று விரலும் தாடையெலும்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை. பயத்தில் எல்லோரும் படபடவென்று அமுக்கிவிடுவார்கள். காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி வந்து, அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பொம்மை, அதுவும் நெஞ்சு ஸ்பிரிங் தளர்ந்தது. அந்தக் கொத்தனார் மகள் உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு அமுக்கினாள். நெஞ்சு அளவாக ஏறி இறங்கியது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட மறந்து நின்றேன்.

இத்தனை கை சுத்தம் இருந்தும் அவள் சர்டிபிகேட் எங்கே செல்லும் என்பதுதான் என் கவலை. நம் மாநிலத்தில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் நான் பார்த்தவரை நர்சிங், லேப் டெக்னீஷியன் படிப்பு, இல்லாவிட்டால் விலங்கியல், தாவரவியல் மாதிரி பி.எஸ்சி. கேட்கிறார்கள், எடுத்த பிறகு ஏறத்தாழ 50 நாள் அவர்களே பயிற்சி கொடுக்கிறார்கள். எங்கள் ஓராண்டு டிப்ளமோ அந்தப் பட்டியலில் என் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு 2021இல் வந்த மத்திய சட்டம், இந்த வகைத் தொழிலுக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், அதுவும் இரண்டு முதல் நான்கு வருஷத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உயிரைத் தொடுகிறவளுக்கு அத்தனை மணி நேரம் வேண்டும்தான். இன்னொரு வருஷம் கூட்டி, அதை முழுக்க ஆஸ்பத்திரி போஸ்டிங்காகவும் வண்டியிலுமே போடுங்கள் என்று கல்லூரியில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். "இரண்டு வருஷம் என்றால் பாதிப் பேர் வர மாட்டார்களே சிஸ்டர்" என்கிறார்கள். அதுவும் நிஜம். அந்தக் கைக்குழந்தைக்காரி ஓராண்டுக்கே புருஷனிடம் சண்டை போட்டுத்தான் வருகிறாள். உன் பேத்திக்கு முதலில் இ.எம்.டி. என்கிற அடிப்படை ஆம்புலன்ஸ் படிப்பு, அதன் மேல் பாராமெடிக் என்று படி வைத்திருக்கிறார்களே, அது மாதிரி நடுவில் நின்று சம்பாதித்துவிட்டு மேலே ஏறுகிற வழி இருந்தால் இவர்களும் ஏறிவிடுவார்கள்.

சரி, இப்போது உன்னிடம் ஒரு வேலை. நம் செட்டிநாட்டு வீடுகள் உனக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், உள்ளே வயசான ஆச்சி ஒருத்தி தனியாக. போன் வந்து வண்டி முகப்பில் நிற்கும், ஆச்சி விழுந்து கிடப்பது இரண்டாங்கட்டில். பூட்டிய கதவுகள், முழங்காலுயர நிலைப்படிகள், மழுமழு தரை. ஸ்ட்ரெச்சர் சக்கரம் எதற்கும் உதவாது, ஆள் தூக்கித்தான் வர வேண்டும். இதை கிளாஸ் ரூம் பெஞ்சில் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

உங்கள் கானாடுகாத்தான் வீடு பூட்டித்தானே கிடக்கிறது? மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், பின்கட்டிலிருந்து முகப்புவரை ஆளைத் தூக்கிப் பழக்கலாம் என்று பார்க்கிறேன். எதையும் தொட மாட்டார்கள், அதற்கு நான் ஜவாப்தாரி. பங்காளிகளில் யாரைக் கேட்க வேண்டும், சாவி காவல்காரரிடமா உன் கொழுந்தனாரிடமா என்று எழுது. தீபாவளிக்கு முன்னால் ஆரம்பித்துவிட்டால் நல்லது, அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். பேத்தியிடம் மாடிப்படியில் ஆளை இறக்கும்போது யார் தலைப் பக்கம் நிற்பார்கள் என்று கேட்டுச் சொல். எங்களுக்குள் அதில் இன்னும் தகராறு தீரவில்லை.

உன்
விசாலம்