ஐ-35க்குக் கிழக்கேயும் ஆஸ்டின் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர வளர்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். டெஸ்லா தொழிற்சாலை, வானுயர்ந்த கட்டடங்கள் எல்லாம் சரி. ஐ-35 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

1928இல் போட்ட நகரத் திட்டமே கறுப்பின மக்களைக் கிழக்கே தள்ளியது. அவர்களுக்கான பள்ளி, பூங்கா எல்லாம் அங்கேதான் என்றால் வேறெங்கே போவார்கள்? 1962இல் வந்த நெடுஞ்சாலை அந்தப் பிரிவினையைக் கான்கிரீட்டாக்கியது. இன்று டவுன்டவுனுக்குப் பக்கம் என்பதால் அதே இடத்துக்கு ஏக மவுசு. பழைய மர வீட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடியும் கறுப்புத் தகரமுமாய்ப் புது வீடு எழும்புகிறது. மனை மதிப்பு ஏறுகிறது, கூடவே சொத்து வரியும். (மாநில வருமான வரி இல்லாத ஊர் ஆயிற்றே, எங்கேயாவது வாங்கித்தானே ஆக வேண்டும்!) சொந்த வீட்டில் குடியிருப்பவருக்காவது சலுகை உண்டு, வாடகைக்காரருக்கு அதுவும் இல்லை.

கட்டுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நிறையக் கட்டியதால்தான் 2023க்குப் பிறகு வாடகை இறங்கியது. ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்ட மாநகர சபை அனுமதித்ததும் நல்லதே. ஆனால் ஐ-35ஐ அகலப்படுத்த மறுபடியும் வீடுகளும் கடைகளும் காலியாகின்றன. சாலைக்கு மேலே மூடி போட்டு இரு பக்கத்தையும் இணைக்கும் செலவோ மாநகராட்சியின் தலையில்! இதையும் எழுதுங்கள்.

- ஒரு வாசகர், ரவுண்ட் ராக், டெக்சாஸ்