‘சரிங்க’ என்றால் புரிந்தது என்று பொருளல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையிடத்துப் பேச்சுப் பாணி குறித்த பயிற்சி என்றாலே, ஆட்களைக் குணத்துக்கு ஒரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிரிப்பதில் தொடங்கிவிடுகிறார்கள். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் பதனிடும் ஆலையில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கத்தில் நிற்பவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

இங்கே சிக்கல் ‘சரிங்க’ என்ற சொல்லில் இருக்கிறது. “ஆசிடைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துப்பா” என்கிறார் மேஸ்திரி. “சரிங்க” என்று பதில் வருகிறது. காதில் விழுந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பெரியவர்களிடம் ‘புரியல’ என்று சொல்லக் கூசுகிறவரிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் மறுபடியும் ‘சரிங்க’தான் வரும்.

பிக்கிள் போடும்போது (பதனிடும் முன் தோலை உப்பும் ஆசிடும் கலந்த நீரில் சுழற்றும்போது) அந்தக் ‘கொஞ்சம் கொஞ்சம்’ என்பதற்குக் கணக்கு உண்டு. ஆசிடைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து (தண்ணீரில்தான் ஆசிட், ஆசிடில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும்) ஆறவிட்டு, மூன்று பங்காக, 15 நிமிடம் விட்டு விட்டு ஊற்றுவது வழக்கம். ஒரே மூச்சில் கொட்டினால் மேல்தோல் கெடும், ஆசிட் உள்ளே இறங்காது. தோலைக் குறுக்கே வெட்டி புரோமோகிரசால் கிரீன் (ஆசிட் ஏறிய இடத்தில் மஞ்சளாகவும் ஏறாத இடத்தில் நீலமாகவும் காட்டும் சாயம்) சொட்டு விட்டால் ஓரம் மஞ்சளாகவும் நடு நீலமாகவும் நிற்கும். ஆகவே எண்ணாகச் சொல்லிவிட்டு, “முதல் பங்கு எத்தனை மணிக்கு, அடுத்தது எப்போ?” என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை.

“அந்தத் தண்ணியைத் திறந்து விடு” என்பது இன்னும் மோசம். எந்தத் தண்ணீர்? தோலில் முடி நீக்கும் சுண்ணாம்பு டிரம் கழிவில் சல்பைடு இருக்கும், பிக்கிள் கழிவில் ஆசிட். இரண்டும் ஒரே கால்வாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு கிளம்பும். நாற்றம் நின்றுவிட்டதே, ஆபத்து போய்விட்டது என்று நம்பவும் முடியாது. அளவு ஏறினால் மூக்கு மரத்து அழுகிய முட்டை வாடையே தெரியாமல் போகும். டிரம் எண்ணைச் சொல்லாமல் வால்வைத் தொடச் சொல்லக் கூடாது.

ராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒரே கூரையின் கீழ் புழங்கியே பழகிவிட்டன. இப்போது வடமாநிலத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இந்தி, உருது இரண்டிலும் ‘கல்’ என்றால் நேற்றும்தான், நாளையும்தான். பாதிப் பேச்சு இயந்திரச் சத்தத்தில் போய்விட்டால் எந்த நாள் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒன்றாகப் போகும் தோல் தொகுதிக்கு) உள்ள அட்டையில் தேதியை எண்ணில் எழுதுங்கள். குரூப்பில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நம்பாதீர்கள். ஈரக் கையுறையோடு யாரும் போனை எடுத்துக் கேட்க மாட்டார்கள்.

ஷூ தைக்கும் பகுதியில் பிரச்சினை வேறு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். லைன் நடுவே நாலு பேர் பார்க்க ஒரு பெண்ணைத் திட்டினால், அடுத்த முறை உடைந்த முனையை யாரும் சொல்ல மாட்டார்கள்; அது அப்பருக்குள்ளேயே (ஷூவின் மேல் பாகத்துக்குள்ளேயே) தங்கிவிடும். “எங்கே உடைஞ்சுதும்மா, காட்டு” என்று முதலில் கேளுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் ஷிப்ட் முடிந்து, தனியாக.

சட்டப்படி வைக்க வேண்டிய அறிவிப்புப் பலகைகள் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. உங்கள் டிரம் பகுதியில் அது எந்த மொழி என்று ஆட்களை எண்ணிப் பார்த்து, பலகையை மாற்றி எழுதுங்கள்.

தோல் தொழிலில் உள்ள சிலர்,
ராணிப்பேட்டை