சும்மாடு துணி என்கிட்டதான் இருக்கு ஆயா

மக்களே வணக்கம். அன்னிக்கு சாயங்காலம் கிரவுண்டுல என்ன ஆச்சுன்னு தண்டையார்பேட்டைல பாதி பேருக்கு தெரியும், வீடியோ வேற சுத்துச்சு. இருட்டுற நேரத்துல லாங் ஜம்ப் தாண்டி, மழைல இறுகிப்போன மணல்ல விழுந்து என் முட்டி போச்சு, அதுக்கு மேல அதை திரும்ப எழுத எனக்கு தெம்பு இல்ல. நேத்துதான் ஸ்டிக் இல்லாம மாடிப்படி இறங்குனேன், கீழ வந்து நின்னதும் அப்படியே அழுதுட்டேன். அந்த ஈரம் காயறதுக்குள்ள உதவுனவங்களுக்கு நன்றி எழுதிடணும்னு உக்காந்திருக்கேன், யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சிக்கங்க.

மொதல்ல அந்த மீன்கார ஆயாவுக்கு. பேர் கூட கேக்கல நான், அதான் இங்க எழுதுறேன், யாராச்சும் படிச்சு காட்டுவீங்கன்னு.

நான் மணல்ல கெடக்கேன், சுத்தி பத்து பதினஞ்சு பேர். எழுந்து ரெண்டு எட்டு நடந்து பாரும்மான்றாரு ஒருத்தர், தைலம் போட்டு நீவி விட்டா சரியாயிடும்னு இன்னொருத்தர் உக்காந்தே உட்டாரு, எல்லாம் நல்ல மனசுலதான். அப்போ கேட்டாண்ட இருந்து "யோவ், கை வெக்காத அது மேல"ன்னு ஒரு சத்தம். காசிமேட்டுல யாவாரம் முடிச்சிட்டு தலைல அன்னக்கூடையோட வீட்டுக்கு போயிட்டிருந்த ஆயா, கூட்டத்தை பாத்து உள்ள வந்திருக்காங்க. கூடையை இறக்கி வெச்சு என் பக்கத்துல குந்துனாங்க. "இன்னா கண்ணு, முட்டியா? வீங்கறப்போ நீவுனா இன்னும் வீங்கும், போட்டுல வழுக்கி வுழுந்தவனுங்கள எத்தினி பேர பாத்துகினு கீறேன்"னாங்க.

அப்புறம் செஞ்சதுதான் கண்ணுலயே நிக்குது. தலைல இருந்த சும்மாட்டை எடுத்து பிரிச்சாங்க, பழைய நீலக்கட்டம் போட்ட துணி. கூடைல விக்காம நின்ன சங்கரா நாலு, கொஞ்சம் நெத்திலி, அது மேல போட்டிருந்த ஐஸை ரெண்டு கையாலயும் வழிச்சு அந்த துணில கட்டி என் முட்டி மேல வெச்சாங்க. மீன் கெட்டுப்போயிடுமே ஆயான்னேன், "கொழம்பு வெச்சிக்கறேன், நீ கம்முனு இரு"ன்னுட்டாங்க. சும்மாவும் வெச்சிட்டு போகல, கொஞ்ச நேரம் வெக்கறது, மரத்துப்போச்சான்னு கேட்டு எடுக்கறது, திரும்ப வெக்கறது. ஆட்டோ வர்ற வரைக்கும் பச்சை குத்துன அந்த கை என் கால விட்டு நகரல. அப்புறம் சும்மாடு இல்லாததால கூடையை இடுப்புல இடுக்கிகிட்டு போனாங்க, நான் ஆட்டோக்குள்ள இருந்து பாத்துகிட்டே இருந்தேன்.

ராத்திரி ஸ்டான்லி ஆஸ்பத்திரில டாக்டர் பாத்துட்டு, ஐஸை நேரா தோல் மேல வெச்சா தோல் புண்ணாயிடும், துணில சுத்தி வெச்சது, நடக்க விடாதது, நீவாதது மூணுமே சரி, யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. தசைநார் முழுசா அறுபடல, ஆபரேஷன் வேணாம்னு அவங்க சொன்னப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அந்த டாக்டருக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுன அண்ணனுக்கும், கைய கோத்து நாற்காலி மாதிரி என்னை தூக்கிட்டு போன ஃபுட்பால் பசங்களுக்கும், காசு வாங்க மாட்டேன்னு சொன்ன ஆட்டோ அண்ணனுக்கும், இருட்டுல பைக் லைட்ட அடிச்சு வழி காட்டுன தம்பிக்கும், ஜீபே பண்ண ஆபீஸ் ஃபிரெண்ட்ஸுக்கும், ஒரு மாசம் கஞ்சியும் ரசமும் கொண்டு வந்த எதிர்வீட்டு அக்காவுக்கும், இந்த வயசுல இதெல்லாம் தேவையான்னு ஒரு வார்த்தை கேக்காத என் மாமியாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

38 வயசுல லாங் ஜம்ப் எதுக்குன்னு கேட்டவங்களும் இருக்காங்க. 35 தாண்டுனவங்களுக்குன்னே மாஸ்டர்ஸ் மீட் இருக்கு. நான் தாண்டுறது நாலு மீட்டருக்கும் கம்மிதான், ஆனா ஓடி வந்து அந்த வெள்ளை பலகைல, இருபது சென்டிமீட்டர்தான் அகலம், கால் கரெக்டா விழுந்து உடம்பு எழும்புதே அந்த நொடி எனக்கு வேணும். படுத்திருந்தப்போ நம்ம இந்தியா லாங் ஜம்ப் வீரர் முரளி ஸ்ரீசங்கரையே நெனச்சுகிட்டிருந்தேன், 2024 ஏப்ரல்ல பிராக்டீஸ்லதான் அவருக்கும் முட்டி போச்சு, பாரிஸ் ஒலிம்பிக்ஸே கைவிட்டுப்போச்சு, 2025 ஜூலைல திரும்ப வந்து எட்டு மீட்டர் தாண்டுனாரு. அவர் எங்க நான் எங்க, ஆனாலும் ராத்திரி வலில தூக்கம் வராதப்போ அது ஒரு பிடிப்பா இருந்துச்சு.

திரும்ப தாண்டுவேன். ஆனா ஒண்ணு, மழை பேஞ்சு இறுகிப்போன மணல்ல இனிமே யாரும் விழக்கூடாது. நானே மண்வெட்டி வாங்கிட்டேன், தெனம் அஞ்சு மணிக்கு வந்து குழிய நல்லா கிளறி விட்டுட்டுதான் பசங்கள ஓட விடுவேன், பலகை கண்ணுக்கு தெரியாத இருட்டுல யாரையும் தாண்ட விடமாட்டேன்.

போன வாரம் ஆயாவை தேடி என் வீட்டுக்காரர் காசிமேட்டுக்கு போனாரு. மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, அவங்க உக்கார்ற இடம் காலியா இருந்துச்சாம். பக்கத்துல, சின்ன ஃபைபர் படகுல வந்த மீனை வித்துட்டிருந்த அக்கா "பொண்ணு வூட்டுக்கு போயிருக்கும், போட்டு எறங்குனா வந்துடும்"னாங்களாம்.

ஆயா, துணியை மூணு தடவை தொவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன், மீன் வாசனை இன்னும் லேசா இருக்கு. போட்டுங்க கரைக்கு திரும்புன அன்னிக்கு காலைல நானே நடந்து வந்து குடுக்கறேன், அன்னிக்கு சங்கரா எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வெய்யுங்க.