ஆண்டறிக்கை: லிங்க்ட்இன்னில் நம் தொழிலைக் காட்டிய ஆண்டு

தலைவர் அண்ணாச்சி அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேட்டை, பத்தமடை, காருகுறிச்சி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன; ஐப்பசி மழையில் ஒன்று மட்டும் தள்ளிப்போனது. இந்த ஆண்டு சங்கம் மனசு வைத்துச் செய்த வேலை, சிறுதொழில் செய்யும் உறுப்பினர்களுக்கு, தொழில் தொடர்புக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் வீடியோ போடக் கற்றுக்கொடுத்ததுதான். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

"அங்கே வேலை தேடுகிறவங்கதானே இருப்பாங்க, நமக்கு என்ன?" என்று பலரும் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 2003-இல் தொடங்கி, 2016-இல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன தளம் அது. வேலை தேடுகிறவர்களோடு, ஓட்டல்களுக்குச் சாமான் வாங்குகிறவர்கள், உள் அலங்காரம் செய்கிறவர்கள், கம்பெனிகளின் பர்ச்சேஸ் அதிகாரிகள், ஏற்றுமதியாளர்கள் என்று நம் சரக்கை மொத்தமாக எடுக்கக்கூடியவர்களும் சொந்தப் பெயரில், பதவியோடு அங்கே இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சொந்தக்காரர்கள் 'சூப்பர்' என்பார்கள், அதோடு சரி.

லிங்க்ட்இன்னில் யூடியூப் இணைப்பை ஒட்டினால், பார்க்கிறவர் அதை அழுத்தினால்தான் வீடியோ ஓடும். 2017 முதல் வீடியோவையே அங்கு நேரடியாக ஏற்ற முடிகிறது. அப்படி ஏற்றியது, விரலால் தள்ளிக்கொண்டு வரும்போதே தானாக ஓடத் தொடங்கும். ஆனால் பெரும்பாலும் சத்தம் இல்லாமல். எங்கள் பயிற்சி முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றியே நடந்தது. "வணக்கம், என் பெயர்..." என்று ஆரம்பித்தால் வாய் அசைவதுதான் தெரியும். கை வேலை செய்வதைக் காட்டினால் சத்தமே வேண்டாம்.

பத்தமடை அக்கா ஒருவர் போட்ட வீடியோவை எல்லோரும் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கோரைத் தண்டில் கத்தி இறங்குகிறது. கீற்று இரண்டாகி, மறுபடி இரண்டாகி மெலிந்துகொண்டே போகிறது. அப்புறம் தண்ணீரில் ஊறும் கோரை, பாவு நூலுக்குள் அதைச் செலுத்தும் கை, கடைசியில் துணிபோல மடிகிற பட்டுப்பாய். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. படத்தின் மேலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து ஓடுகிறது. புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு) பெற்ற பாய் என்பதைப் பதிவின் முதல் வரியிலேயே வைத்தார். அங்கே முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி மடிந்துவிடும்.

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி, "என் வேலையில பார்க்க என்ன இருக்கு?" என்றார். கடைந்து முடித்த ஷாஃப்டை (இயந்திரத் தண்டை) வெர்னியர் அளவுகருவியில் பிடித்து, அளவு தெரியும்படி கிட்டத்தில் எடுக்கச் சொன்னோம். பர்ச்சேஸ் அதிகாரி பார்க்க விரும்புவது அந்த அளவைத்தான். ஒருவர் கமெண்டில் பொருள் என்ன ஸ்டீல் என்று கேட்டார். அண்ணாச்சி அன்றைக்கே பதில் போட்டார். பேச்சு மெசேஜுக்குப் போய், செய்ய வேண்டிய பாகத்தின் வரைபடம் வந்தது.

கணினியிலிருந்து 15 நிமிடம், ஃபோனிலிருந்து 10 நிமிடம் வரை ஏற்றலாம். நமக்கு அவ்வளவு தேவையே இல்லை. போட்ட பிறகு எழுத்தைத் திருத்தலாம், வீடியோவை மாற்ற முடியாது. ஆகவே ஏற்றும் முன் சத்தத்தை அணைத்துவிட்டு வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள், அவர்களுக்குப் புரிகிறதா பாருங்கள். வியூ எண்ணிக்கையை நான் பெரிதாக மதிக்கவில்லை. சில நொடி ஓடினாலே அது ஒரு வியூதான். விலை கேட்டவர் யார், எந்த ஊர் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

காருகுறிச்சி மண்பாண்டக்காரர்களும் கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்களும் இன்னும் தொடங்கவில்லை. சக்கரத்தில் பானை எழுவதைவிடக் கண்ணை நிறுத்தும் காட்சி நம்ம பக்கம் எது? அவர்களுக்காக வரும் ஆண்டில் பயிற்சியை அவரவர் ஊருக்கே கொண்டுபோகவும், ஆங்கிலத்தில் பதில் எழுத உறுப்பினர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைத் துணைக்கு வைக்கவும், சங்கச் செலவில் ஒரு ஃபோன் ஸ்டாண்டும் சிறிய விளக்கும் வாங்கவும் சபையின் அனுமதியைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்