'மனிதத் தவறு' என்றதோடு முடிந்துவிட்டதா?

ஆசிரியருக்கு,

குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கு 'மனிதத் தவறு' காரணம் என்று நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை கூறுவதாகத் தங்கள் நாளிதழில் படித்தேன். 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற அந்த எம்ஐ-17 வி5, எதிர்பாராத மேகமூட்டத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியதாக முப்படை விசாரணை 2022-லேயே சொன்னது. சரி, அந்த நேரத்தில் அவர் கையில் என்ன வானிலைத் தகவல் இருந்தது? கேட்க வேண்டிய கேள்வி அதுதானே!

எங்கள் ஊரில் சம்பா அறுவடையின்போது அறுவடை இயந்திரம் வாய்க்காலில் கவிழ்ந்தது. டிரைவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் அவரை ஓட்ட வைத்ததை யாரும் பேசவில்லை. ராணுவ ரகசியங்களை நீக்கிவிட்டு, விபத்து விசாரணைகளின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கலாம். தஞ்சை விமானப்படைத் தளத்திலிருந்து எங்கள் வயல்களுக்கு மேலே பறக்கும் பிள்ளைகளுக்கும் அது பாதுகாப்பு.

- விவசாயி, ஒரத்தநாடு